ஹேமாவதியைப் பற்றி ஒரு வரி

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் மேடையேறிப் பாடுகிறவர்களுக்கு முத்துக்கிருஷ்ணனைத் தெரியாமல் இருக்காது. மதுரையிலிருந்து வரும் நாளிதழ் ஒன்றில் வெள்ளிக்கிழமைதோறும் அவர் எழுதிய இசைப் பத்தி இருபது வருஷத்துக்கு மேல் வந்தது. கச்சேரி தொடங்குமுன் மேடைக்குப் பின்னால், "கண்ணாடிக்காரர் வந்திருக்காரா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். வந்திருக்கிறார் என்று தெரிந்தால் சுருதி சேர்க்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

அவருடைய அப்பாவுக்கு நகைப் பட்டறை. அண்ணன்கள் இருவரும் படிப்பை விட்டதும் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முத்துக்கிருஷ்ணன் மட்டும் கல்லூரி முடித்து, அந்த நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகச் சேர்ந்தார். குடிநீர்க் குழாய் உடைந்தது, லாரி கவிழ்ந்தது, கவுன்சிலர்கள் வெளிநடப்புச் செய்தது என்று அனுப்பிக்கொண்டிருந்தவர், ஒரு பங்குனியில் திருவிழாச் செய்தி எடுக்கப் போனார். பக்தர்கள் திரளாகக் கலந்துகொண்டார்கள் என்று முடித்திருக்க வேண்டிய செய்தி. அன்றைக்கு மின்சாரம் போய்விட்டது. நாகஸ்வரக்காரர் நிறுத்தவில்லை. இருட்டில் அவர் வாசித்த தோடியையும், கடலை வண்டிக்காரர் உட்பட அத்தனை பேரும் அசையாமல் நின்றதையும் எழுதி அனுப்பிவிட்டார். மறுநாள் ஆசிரியரே போன் செய்தார். "இதே மாதிரி வாரம் ஒண்ணு எழுதுவீங்களா?"

அப்படித்தான் அந்தப் பத்தி பிறந்தது. முத்துக்கிருஷ்ணன் சில கட்டுப்பாடுகளைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டார். யார் கையாலும் பொன்னாடை வாங்கமாட்டார். கல்யாண வீட்டுக் கச்சேரியை எழுதப் போனால் பந்தியில் உட்காரமாட்டார். வற்புறுத்தினால் ஒரு காப்பி. கலைஞர்களோடு கச்சேரிக்கு முன்னால் பேசுவதில்லை. இதனால் அவரைச் சிலர் கர்வி என்றார்கள். ஆனால் அவர் நன்றாக இருந்தது என்று எழுதினால் அது நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று மதுரை, திருச்சிச் சபாக்காரர்களும் நம்பினார்கள். அவர் எழுதிய நாலு வரியால் வெளியூர் மேடை கிடைத்தவர்கள் உண்டு.

ஹேமாவதியை அவர் முதலில் கேட்டது கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பில். மாப்பிள்ளை வீட்டார் ஐஸ்கிரீம் எங்கே என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் ஒல்லியாக ஒரு பெண் மேடையில் உட்கார்ந்து, தனக்கு முன்னால் ஆயிரம் பேர் அமைதியாக இருப்பதுபோலப் பாடிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை முத்துக்கிருஷ்ணன் எழுதினார்: 'குரலில் தயக்கமில்லை. மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது ஹேமாவதி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.'

அடுத்த வருஷம் உறவுக்காரர் ஒருவர் ஜாதகத்தோடு வந்தபோது, பெண் அவள்தான் என்று தெரிந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் சித்தப்பா ஒருவர், "பிள்ளை ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்றார்.

தட்டை வைத்துக்கொண்டிருந்த ஹேமாவதி நிமிர்ந்தாள். "அவுகதான் ஏற்கெனவே கேட்டு, பேப்பர்லயும் எழுதிட்டாகளே. பிறகென்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். முத்துக்கிருஷ்ணனுக்கு அந்த நிமிஷமே சம்மதம்.

கல்யாணமான கையோடு அவர் ஆசிரியருக்குப் போன் போட்டு, மனைவி பாடும் கச்சேரியைப் பற்றி இனி எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் மெச்சினார். ஹேமாவதிக்கும் அன்றைக்கு அது பெருமையாகவே இருந்தது. "சரிதான். நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசக்கூடாது" என்றாள்.

ஒருவரும் பேசவில்லைதான். திருவிழாவில் நாலு நாள் கச்சேரி நடந்தால் முத்துக்கிருஷ்ணன் மூன்று நாளைப் பற்றி எழுதுவார். ஹேமாவதி பாடிய நாள் பத்தியில் இருக்காது. மற்றப் பத்திரிகை நிருபர்கள், அண்ணன் வீட்டு விஷயத்தை நாம் எழுதுவது மரியாதையில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். வெளியூர்ச் சபாக்காரர்களுக்கு அவர்கள் இருவரும் கணவன் மனைவி என்பது தெரியாது. காரைக்குடிப் பக்கம் ஹேமாவதி என்று ஒருவர் பாடுகிறாராமே என்று யாராவது கேட்டால், முத்துக்கிருஷ்ணன் இப்போதெல்லாம் எழுதுவதே இல்லையே, அப்படியென்றால் சுமார்தான் என்று முடிவு கட்டினார்கள். உள்ளூரில் தெரிந்தவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். ஹேமாவதி இசை ஆசிரியையாக இருந்த பள்ளியில் ஒரு பெற்றோர் கூட்டத்தில், ஒரு தாய் வெள்ளந்தியாகக் கேட்டே விட்டார். "டீச்சர், உங்க வீட்டுக்காரர் ஊர்ல பாடுற எல்லாரையும் எழுதுறாக. உங்களைய மட்டும் எழுதலையே, உங்க பாட்டு அவுகளுக்குப் பிடிக்காதோ?"

ஹேமாவதி சிரித்து மழுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை.

மகள் தேவிகா பிறந்தாள். கச்சேரிகள் வருஷத்துக்கு நாலைந்து என்று குறைந்து, பிறகு ஒன்றிரண்டாகி, நின்றுபோயின. விடியற்காலையில் பாடிப் பழகும் சாதகம் மட்டும் மிஞ்சியது. இரவுக் கச்சேரிகளுக்குப் போய் வரும் முத்துக்கிருஷ்ணன் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். பிள்ளை வளர்ப்பு, பள்ளிக்கூட வேலை, அதனால் மனைவி கச்சேரிக்குப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டார். அவராக ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த வருஷம் தை மாதத்தில் ஒரு பிற்பகல், மதுரையிலிருந்து போன் வந்தது. ஆசிரியர் புதியவர், வயதில் சின்னவர். பக்கங்களைக் குறைக்கிறார்களாம். பத்தி வரும் வெள்ளிக்கிழமை இணைப்பு இனி வராது. "நகராட்சிச் செய்தி அனுப்புறதை நீங்க தொடரலாம் சார்" என்றார். முத்துக்கிருஷ்ணன் சரி என்று வைத்துவிட்டார்.

ஹேமாவதி பள்ளியிலிருந்து வந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"காய்ச்சலா?"

"பத்திய நிறுத்திட்டாக."

ஹேமாவதி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "மதியம் சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் எழுந்துபோய்த் தோசை ஊற்றினார். அவர் சாப்பிடும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"அப்ப இனி யாரையும் எழுத மாட்டீக."

"எதுல எழுத?"

"அப்ப நான் பாடலாம்."

முத்துக்கிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். ஹேமாவதி சிரிக்கவில்லை.

"உன்னைய யாரு பாட வேணாம்னது?"

"யாரும் சொல்லல." தட்டை எடுத்துக்கொண்டு போனவர், கையைத் துடைத்தபடி திரும்பி வந்தார். "நீங்க எழுதாதது ஊருக்குள்ள எப்படி ஆச்சு தெரியுமா? என் பாட்டு எழுதுற அளவுக்கு இல்லைன்னு ஆயிப்போச்சு. சபாக்காரங்க கூப்பிடல. கூட வாசிக்கிறவங்க, ஹேமா கச்சேரின்னா பேப்பர்ல நம்ம பேரும் வராதுன்னு வேற இடம் போயிட்டாக. நான் யாருகிட்ட போயி, அப்படியில்லீங்க, அவுக நேர்மைக்காக எழுதலைன்னு சொல்ல?"

"நீயும் அன்னைக்குச் சரின்னுதான சொன்ன?"

"சொன்னேன். கல்யாணம் முடிஞ்ச புதுசுல சொன்னேன். அது இப்படி நீளும்னு எனக்குத் தெரியுமா? உங்களுக்காவது தெரிஞ்சுச்சா? நேர்மையா இருந்தது நீங்க. சும்மா இருந்தது நான்."

முத்துக்கிருஷ்ணன் கை கழுவ எழுந்தார். ஹேமாவதி விடவில்லை.

"ஊர்ல எவன் எந்த ராகத்துல எங்குட்டுத் தடுமாறுனான்னு வாரக்கணக்காப் பேசுவீக. வீட்டுல ஒருத்தி மேடையில பாடுறது நின்னுபோனது மட்டும் உங்க காதுல விழலையா?"

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருந்த ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டார். முத்துக்கிருஷ்ணனுக்கு, வேலை போனதைவிட இது கனமாக இருந்தது. காதுதான் தன் பிழைப்பு என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர் அவர்.

மறுநாள் விடியற்காலை விழித்துக்கொண்டே படுத்திருந்தார். அடுத்த அறையில் ஹேமாவதி சாதகம் செய்வதைக் கடைசிவரை கேட்டார். காப்பி வந்ததும் சொன்னார்: "பேப்பர் இல்லாட்டி என்ன? பேஸ்புக்ல எழுதுறேன். முதல்ல உன்னையத்தான் எழுதப்போறேன்."

"வேணாம். இப்ப எழுதுனா, பத்தி போன மனுசன் பொண்டாட்டியப் புகழ்ந்து பொழுதப் போக்குறாருன்னுதான் சொல்லுவாக."

"பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

"மேடை. அத நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். கோவிலூருக்குப் போகிற வழியில் ஒரு சின்ன அம்மன் கோயில். அதன் விழாக் குழுத் தலைவர் முத்துக்கருப்பன். நிலபுலன் உள்ளவர், போர்வெல் லாரியும் வைத்திருந்தார். அவர் மகள் ஹேமாவதியின் பள்ளியில் படித்தவள். ஹேமாவதி நேராக அவர் வீட்டுக்கே போய், பங்குனித் திருவிழாவில் ஒரு நாள் பாட இடம் கேட்டார்.

முத்துக்கருப்பன் முதலில் கேட்டது, "சார் எழுதுவாகளா?"

"மாட்டாக. அவுக பத்தியே நின்னுபோச்சு."

போன வருஷம் தங்கள் திருவிழாவில் ஒலிபெருக்கி அலறியதை முத்துக்கிருஷ்ணன் எழுதியது முத்துக்கருப்பனுக்கு இன்னும் ஆறவில்லை. "அப்பச் சரி டீச்சர். அஞ்சாம் நாள் சாயங்காலம் வச்சுக்குங்க" என்றார்.

வயலினுக்குத் தேவகோட்டையிலிருந்து ஒரு பெண் வர ஒப்புக்கொண்டார். மிருதங்கத்துக்கு உள்ளூர்க் காளிதாஸைக் கூப்பிடும் வேலை முத்துக்கிருஷ்ணனிடம் வந்தது. காளிதாஸ் பாட்டை அமுக்குகிற அளவுக்கு உரக்க வாசிக்கிறார் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறார் அவர். போனில் விஷயத்தைச் சொன்னார். "ஹேமாக்காவுக்குன்னா வாரேன் சார். அவுக பாட்டு எனக்குத் தெரியும். உங்களுக்காக இல்ல" என்று பதில் வந்தது. முத்துக்கிருஷ்ணன் நன்றி சொல்லி வைத்தார். காளிதாஸ் ஒத்திகைக்கு வந்த நாட்களில் காப்பி ஆற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

கச்சேரி நாளன்று, ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது. ஐந்தரைக்கே ஹேமாவதி தயார். மைக் செட் அய்யப்பன் மட்டும் தயாராக இல்லை. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க மேடையில் ஒரு பெட்டி வேண்டுமே என்று முத்துக்கிருஷ்ணன் கேட்டபோது, அய்யப்பன் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "ஜெனரேட்டர்காரன் வரட்டும் சார், எல்லாம் பண்ணிரலாம்" என்றார். ஜெனரேட்டர் வந்தபோது டீசல் இல்லை. டீசல் வந்தபோது வயலின் மைக் கிறீச்சிட்டது. முத்துக்கிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்குட்டும் இங்குட்டும் ஓடினார். 'கச்சேரி தாமதமாகத் தொடங்கியது. கலைஞர்கள் நேரத்தை மதிக்கப் பழக வேண்டும்' என்று தான் எத்தனை வெள்ளிக்கிழமை எழுதியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கலைஞர்கள் எல்லோரும் இப்படித்தான் ஒரு அய்யப்பன் சாப்பிட்டு முடிக்கக் காத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஒருவழியாகத் தொடங்கியது. முதல் பாட்டில் ஹேமாவதியின் குரல் கட்டியிருந்தது. இரண்டாவதில் மேல் ஸ்தாயியில் ஒரு இடம் எட்டவில்லை. எட்டாததை யாரும் கவனிக்காதபடி வளைத்துக் கீழே கொண்டுவந்துவிட்டார். முத்துக்கிருஷ்ணன் கவனித்தார். கையில் பேனா இல்லாமல் உட்கார அவருக்குத் தெரியவில்லை. எழுந்து ஓரத்துக்கு வந்து, மேடைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பிறகு ஹேமாவதி கொஞ்சம் வெந்நீர் குடித்துவிட்டு சகானா ராகத்தை எடுத்தார். எடுத்த எடுப்பிலேயே குரல் இளகிவிட்டது. தேங்காய் உடைக்க வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சாலையோரம் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒருவர் வண்டிமேல் கைவைத்து நின்றார். காளிதாஸ் விரல் நுனியால் மட்டும் வாசித்தார். ஹேமாவதி கண்ணை மூடிக்கொண்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். ஒவ்வொரு தடவையும் அந்த வரி வேறாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் முத்துக்கருப்பன் கை நிறையப் பொன்னாடைகளோடு வந்தார். நன்கொடையாளர்கள் வந்துவிட்டார்களாம். "சார், அஞ்சே நிமிசம். மரியாதை பண்ணிட்டுப் பிறகு பாடட்டும். டீச்சரை நிறுத்தச் சொல்லுங்க."

"இந்தப் பாட்டு முடியட்டும்."

"வந்தவுக வேற ஊருக்குப் போகணும் சார்." முத்துக்கருப்பன் படியில் கால் வைத்தார்.

முத்துக்கிருஷ்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "யாரு எங்க வேணாலும் போகட்டும். பாட்டு முடியிற வரைக்கும் இந்தப் படியில ஒரு ஆளு ஏறக்கூடாது!"

குரல் அவர் நினைத்ததைவிட உரக்கவே வந்துவிட்டது. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. முத்துக்கருப்பன் பதிலுக்குச் சத்தம் போட்டார். இரண்டு பேர் ஓடிவந்து விலக்கிவிட்டார்கள். ஹேமாவதி கண்ணைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டை முடிக்க வேண்டிய விதத்தில் முடித்தார். பிறகு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. அதன்பின் ஒரு சின்னப் பாட்டுக்குத்தான் நேரம் இருந்தது.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது ஹேமாவதி, "அங்குட்டு என்ன சண்டை?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

அந்த வார இறுதியில், ஓசூரில் வேலை பார்க்கும் தேவிகா ஒரு இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினாள். 'அம்மாவைப் பத்தி எழுதியிருக்காங்க!' என்று மட்டும் போட்டிருந்தாள். நெற்குப்பையைச் சேர்ந்த சத்தியப்பிரியா என்ற இளம்பெண் நடத்தும் இணையப் பக்கம் அது. விவசாயக் குடும்பம், தனியார் வங்கி ஒன்றில் வேலை, விடுமுறை நாட்களில் ஸ்கூட்டியில் கிளம்பிக் கச்சேரிகள் கேட்டு எழுதுகிறவள் என்று அதிலேயே போட்டிருந்தது.

போன் முத்துக்கிருஷ்ணன் கையில் இருந்ததால் முதலில் படித்தவர் அவர்தான்.

'ஐந்தாம் நாள் பாடிய ஹேமாவதி, பள்ளி இசை ஆசிரியை. முதல் இரண்டு பாட்டுகளில் குரல் மேடைக்குப் பழகவில்லை. மேல் ஸ்தாயியில் எட்டாத இடங்களைக் கெட்டிக்காரத்தனமாகத் தாண்டிப் போகிறார். ஆனாலும் அது தாண்டல்தான். சகானாவில் எல்லாம் மாறியது. வந்தவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அதன்பிறகு பேசத் தொடங்குகிற வீட்டுக்காரியைப் போல அவசரமில்லாமல் பாடினார். இதை இன்னொரு முறை கேட்பதற்காக இதே தூரம் மறுபடியும் வண்டி ஓட்டுவேன். ஒரே இடைஞ்சல், அந்த நேரத்தில் மேடைப் படியில் நின்று விழாக் குழுவினரோடு உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.'

"தாண்டல்தானாம்!" என்றார் முத்துக்கிருஷ்ணன். "இத்தனை வருசம் கழிச்சு மேடை ஏறுனவளைப் பாத்து எழுதுற எழுத்தா இது? பெரியவராம்! பாட்டைக் காப்பாத்துனவன் நான். இடைஞ்சலாம்!"

ஹேமாவதி போனைப் பிடுங்கிக்கொண்டு படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முதலிலிருந்து மறுபடி படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாரு, உன்னைய அழ வச்சிட்டா. இரு, நான் ஒரு பதில் எழுதுறேன்."

"எதுவும் எழுதாதீக. ஒருத்தி முதல் பாட்டுலயிருந்து கடைசிவரைக்கும் உக்காந்து கேட்டிருக்கா. வேற என்ன வேணும்?"

"குறை சொல்லியிருக்காளே?"

"சொன்னது தப்பா?" ஹேமாவதி அவரை நேராகப் பார்த்தார். "நீங்களும்தான அங்க நின்னீக. மேல் ஸ்தாயி எட்டுச்சா?"

முத்துக்கிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். யாருக்காகவும் பொய் எழுதாத மனிதர். இப்போது வாய்க்குள் ஒரு பொய் தயாராக இருந்தது.

"எட்டல" என்றார்.

"ஏன் எட்டல?"

"சுருதிய அரைக் கட்டை குறைச்சு வச்சிருக்கணும். பழைய சுருதியையே வச்சுக்கிட்ட."

"அது எனக்குப் பாடும்போதே தெரிஞ்சுச்சு. பிறகு? முதல் பாட்டுலயிருந்து சொல்லுங்க."

சொன்னார். அவர் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாரோ அப்படியே, குறையையும் நிறையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். முதல் பாட்டில் அவசரம். இரண்டாவதில் வயலினுக்கு இடம் கொடுக்கவில்லை. சகானாவில் இறங்கி வந்த ஒரு இடத்தில் தனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹேமாவதி சிலவற்றை ஒத்துக்கொண்டார், சிலவற்றுக்குச் சண்டை பிடித்தார். கத்திரிக்காயை நறுக்கியபடி பாடிக் காட்டினார். பேச்சு எங்கெங்கோ போய், பழைய கச்சேரிகளுக்கு வந்தது.

"தேவிகா வயித்துல இருந்தப்ப தேவகோட்டையில பாடுனியே," என்றார் முத்துக்கிருஷ்ணன். "கரகரப்பிரியா. மூச்சு வாங்குச்சு உனக்கு. ஆனா மூச்சு வாங்குற இடத்தையெல்லாம் சொல்லு முடியிற இடமாப் பாத்து வச்சுக்கிட்ட. எவனும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. அதுக்கு அடுத்த வருசம் ஆவணியில, மழை வந்து பாதியில நின்னுபோன கச்சேரி. அன்னைக்கு முகாரியத் தொட்டுட்டு விட்டுட்ட. அந்த முகாரி முழுசாக் கிடைக்கலையேன்னு எனக்கு இன்னைக்கும் ஒரு குறை."

ஹேமாவதியின் கத்தி நின்றுவிட்டது. "இதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"எழுதாததுதான் ஞாபகம் இருக்கு. எழுதுனதெல்லாம் மறந்துபோச்சு."

ஹேமாவதி கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்பவே இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார் ஹேமாவதி. "பேப்பர்ல எழுதத்தான் கூடாது. வீட்டுல சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டம் இருக்கு?"

முத்துக்கிருஷ்ணனுக்கு அது தோன்றியதே இல்லை. எழுதக்கூடாத ஒன்றைப் பேசினாலும் தவறு என்று எப்படியோ அவர் மனதில் படிந்துபோயிருந்தது. "தப்புத்தான் ஹேமா" என்றார். ஹேமாவதி கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அவர் தலையைக் கலைத்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் ஆயிற்று.

அந்த ஒரு கட்டுரையால் ஊர் தலைகீழாகிவிடவில்லை. ஆனால் தேவகோட்டையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. முத்துக்கருப்பன் அடுத்த வருஷத்துக்கு இப்போதே சொல்லி வைத்தார். சார் மட்டும் மேடைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் நல்லது என்றும் சேர்த்துச் சொன்னார். வைகாசியில் நெற்குப்பையில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஹேமாவதி சுருதியை அரைக் கட்டை குறைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலமும் சாதகம் செய்தார். முத்துக்கிருஷ்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். பிடிக்காத இடத்தில் பிடிக்கவில்லை என்றார். சில நாள் அதற்காக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமலும் போயிற்று.

நெற்குப்பையில் கச்சேரி தொடங்குமுன் ஒரு இளம்பெண் அவரிடம் வந்தாள். தோளில் அலுவலகப் பை தொங்கியது. "சார், நான் சத்தியப்பிரியா. அன்னைக்குப் படிக்கட்டுல சண்டை போட்டது நீங்கதான்னு எனக்குத் தெரியாது. காளிதாஸ் அண்ணன்தான் பிறகு சொன்னாக."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டியாம்மா?"

அவள் யோசித்தாள். "எழுதியிருப்பேன் சார். பெரியவர்னு போட்டிருக்க மாட்டேன். பேரைப் போட்டிருப்பேன்."

முத்துக்கிருஷ்ணன் வாய்விட்டுச் சிரித்தார். பத்தி நின்றபிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"உங்க பத்தியக் காலேஜ்ல படிக்கும்போது படிப்பேன் சார்."

"பிடிக்குமா?"

"சில வாரம் பிடிக்கும்."

தன் பக்கத்துக்கு அவரும் எழுத வேண்டும் என்று கேட்டாள். பணம் எதுவும் கொடுக்க முடியாது, ஆனால் எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதலாம் என்றாள். ஹேமாவதியைத் தவிர மற்றவர்களைப் பற்றி எழுதுகிறேன் என்றார் முத்துக்கிருஷ்ணன். "அவுகளை நான் பாத்துக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு அவள் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேடைக்குக் கொஞ்சம் தள்ளி, கூட்டத்தின் நடுவில் முத்துக்கிருஷ்ணன் ஒரு நாற்காலி பிடித்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, மடியில் பிரசாதப் பையை வைத்துக்கொண்டு மேடையை எட்டி எட்டிப் பார்த்தார். ஹேமாவதி சுருதிப் பெட்டியைத் திருகிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடப் போறது யாருங்க?"

"என் வீட்டுக்காரி" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"அப்படியா! நல்லாப் பாடுவாகளா?"

சொல்வதற்கு அவரிடம் எவ்வளவோ இருந்தது. அதற்குள் சுருதி எழுந்துவிட்டது.

"கேளுங்க" என்றார்.